ஆயில் புல்லிங் நாலு மாசமா பண்றேன், பல்லுல படியுற அழுக்கு மட்டும் குறையவே இல்ல, ஏன்?

கடைவாய்:

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா இங்க படிச்சுட்டு சத்தம் போடாம போயிட்டு இருந்தேன், இன்னைக்குத்தான் முதல் தடவையா கேக்குறேன், கொஞ்சம் நீளமா போனா பொறுத்துக்கோங்க.

நாலு மாசமா தினமும் காலைல எந்திரிச்சதும் வெறும் வயித்துல ஒரு ஸ்பூன் நல்லெண்ணெய் வாயில ஊத்தி 15, 20 நிமிஷம் கொப்பளிக்கிறேன், ஒரு நாள் கூட விட்டதில்ல (சரி, காய்ச்சல்ல படுத்த ரெண்டு நாள் விட்டேன்). காலைல வர்ற அந்த வாய் நாத்தம் நிஜமாவே குறைஞ்சிருக்கு, அதுல சந்தேகமே இல்ல. ஆனா கீழ் வரிசை முன்பல்லு இருக்கில்ல, அதோட உள்பக்கம், நாக்கு படுற பக்கம், அங்க நாக்கால தடவிப் பாத்தா சொரசொரன்னு மண்ணு ஒட்டின மாதிரி இருக்கு. சாயங்காலம் ஆச்சுன்னா மேல் கடைவாய்ப் பல்லு மேல மாவு பூசின மாதிரி ஒரு பிசுபிசுப்பு, நகத்தால சுரண்டினா வெள்ளையா வருது.

போன வாரம் டென்டிஸ்ட் கிட்ட போனேன், பாத்துட்டு "பிளேக் நிறைய இருக்கு, கீழ காரை கட்டிருச்சு, ஸ்கேலிங் பண்ணணும்"னாங்க (கருவி வெச்சு பல்லைச் சுரண்டி எடுக்கறது). நான் கொஞ்சம் பெருமையாவே "மேடம் நான் டெய்லி ஆயில் புல்லிங் பண்றேன்"னு சொன்னேன், அவங்க மாஸ்க்குக்குள்ள சிரிச்ச மாதிரி இருந்துச்சு, "பண்ணுங்க, ஆனா பிரஷ் ஒழுங்கா பண்ணுங்க"ன்னு மட்டும் சொல்லி அனுப்பிட்டாங்க. வீட்டுக்கு வந்து தேடினா ஒருத்தர் பிளேக்கை அப்படியே உருவி எடுத்துரும்ங்கறார், இன்னொருத்தர் மவுத்வாஷுக்குச் சமம்னு ஆராய்ச்சியே இருக்குங்கறார், இன்னொருத்தர் சுத்தப் பொய்ங்கறார். யாரை நம்பறது?

நான் கேக்குறது இதுதான், பிளேக் குறையுமா குறையாதா, எண்ணெயை மாத்தணுமா, பிரஷுக்கு முன்னாடியா பின்னாடியா. இன்னொண்ணையும் ஒத்துக்கறேன், எண்ணெய்க்கே 20 நிமிஷம் போயிடறதால பிரஷ் பண்றது அரை நிமிஷத்துல முடிஞ்சிருது, அதான் எண்ணெய் எல்லாத்தையும் எடுத்திருச்சேங்கற நினைப்புல.


எள்ளுப்பூ:

தம்பி நான் ரெண்டு வருஷமா பண்றேன், எனக்கு ஈறுல ரத்தம் வர்றது சுத்தமா நின்னு போச்சு.... முன்னாடி பல்லு தேய்ச்சு துப்பினாலே சிவப்பா வரும், இப்ப இல்ல. நீங்க 4 மாசம்தான் ஆச்சுங்கறீங்க, பொறுமையா பண்ணுங்க. துப்பும்போது பால் மாதிரி வெள்ளையா வருதா பாருங்க, மஞ்சளா வந்தா இன்னும் நேரம் பத்தலன்னு அர்த்தம், வெள்ளையா வந்தாதான் நச்சு எல்லாம் வெளிய வந்திருக்குன்னு அர்த்தம்.... செக்கு எண்ணெய்தான் யூஸ் பண்ணணும், ரீஃபைண்ட் எண்ணெய் எல்லாம் வேஸ்ட். இது ஆயிரக்கணக்கான வருஷமா இருக்கற முறை, சரகர் எழுதின ஆயுர்வேத நூல், சரக சம்ஹிதையிலயே இருக்கு, டென்டிஸ்ட்டுங்க சிரிப்பாங்க, அவங்களுக்கு வருமானம் போயிடும்ல.


பல்லவி:

வருமானம் போயிடும்னு சொன்னீங்க, அதனால முதல்லயே சொல்லிடறேன், நான் அந்த வேலைதான் பாக்குறேன், நாளெல்லாம் அடுத்தவங்க பல்லைச் சுரண்டறதுதான் என் பொழப்பு :) சண்டைக்கு வரல, கடைவாய் கேட்டதுக்கு மட்டும் சொல்றேன்.

பிளேக்னா சாப்பாட்டுத் துணுக்குன்னு நிறைய பேர் நினைச்சுக்கறாங்க. துணுக்குன்னா தண்ணி கொப்பளிச்சாலே போயிடும். பிளேக்ங்கறது பாக்டீரியா கூட்டம் கூட்டமா சேந்து, தானே ஒரு பசையைச் சுரந்து, அந்தப் பசைக்குள்ள பத்திரமா உக்காந்திருக்கற ஒரு படலம். பல்லை நல்லா தேய்ச்ச நிமிஷமே எச்சில்ல இருக்கற புரோட்டீன் ஒரு மெல்லிசான தோல் மாதிரி பல்லு மேல படிஞ்சிரும், அதுல முதல் பாக்டீரியா வந்து ஒட்டும், அது மேல அடுத்தது, ஒரு நாள் ரெண்டு நாள்ல கெட்டியான படலமாயிடும். வழுக்குற பாறை மேல பாசி பாத்திருப்பீங்களே, வருஷம் முழுக்க தண்ணி மேல ஓடிட்டேதான் இருக்கு, பாசி போகுதா? கையால தேய்ச்சாதான் போகும். பிளேக்கும் அதே கதைதான். எண்ணெயோ தண்ணியோ மவுத்வாஷோ, மேல ஓடுற திரவம் எதுவா இருந்தாலும் எச்சில்ல மிதக்கற பாக்டீரியாவையும் படலத்தோட மேல் பக்கத்தையும் கொஞ்சம் கழுவும், அடி வரைக்கும் பேத்து எடுக்காது.

அதான் உங்களுக்கு நாத்தம் குறைஞ்சது நிஜம், சொரசொரப்பு போகாததும் நிஜம். ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு முரண் இல்ல.

அப்புறம் அந்தச் சொரசொரப்பு இப்ப பிளேக்கே இல்ல. பிளேக்கை எடுக்காம விட்டா எச்சில்ல இருக்கற கால்சியமும் பாஸ்பேட்டும் அதுல இறங்கி கல்லாயிடும், அதைத்தான் காரைங்கறோம். சிலருக்கு ரெண்டு மூணு நாள்லயே இறுக ஆரம்பிக்கும். கீழ் முன்பல்லு உள்பக்கம் ஏன் முதல்ல வருதுன்னா, நாக்குக்கு அடியில எச்சில் சுரப்பியோட வாய் அங்கதான் திறக்குது, கண்ணாடி முன்னாடி நாக்கைத் தூக்கிப் பாத்தா அடியில ரெண்டு சின்ன மேடு தெரியும், அதுதான். இன்னொரு பெரிய சுரப்பி கன்னத்துப் பக்கமா மேல் கடைவாய்ப் பல்லுக்கு நேரா திறக்குது, அதனால அங்கயும் காரை சீக்கிரம் கட்டும். நீங்க சொன்ன ரெண்டு இடமும் சரியா அந்த ரெண்டு இடம்தான், பாத்தீங்களா. கல்லானதுக்கு அப்புறம் எந்த எண்ணெயும் எந்த பிரஷும் அதை எடுக்காது, கருவி வெச்சுதான் எடுக்கணும்.

ஆராய்ச்சி பத்திக் கேட்டீங்க. 'மவுத்வாஷுக்குச் சமம்'ங்கற பேச்சு எங்க இருந்து வருதுன்னா, 2009ல நல்லெண்ணெயையும் குளோர்ஹெக்சிடின்ங்கற கிருமிக்கொல்லி மவுத்வாஷையும் ஒப்பிட்டு ஒரு ஆய்வு வந்துச்சு, வளரிளம் பசங்க 20 பேரு, பக்கத்துக்கு 10 பேரா, 10 நாள். ரெண்டு பக்கமும் பிளேக் அளவும் ஈறு வீக்கமும் குறைஞ்சுது. அவ்வளவுதான் அதுல இருக்கு. பத்து பேரையும் பத்து பேரையும் வெச்சுப் பாத்துட்டு 'பெரிய வித்தியாசம் தெரியல'ன்னு சொன்னா அது 'ரெண்டும் சமம்'னு நிரூபிச்சதா ஆகாது, இருக்கற வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கற அளவுக்கு ஆளு பத்தலன்னும் இருக்கலாம். 2015ல தேங்காய் எண்ணெய் வெச்சு 60 பேரை 30 நாள் பாத்தாங்க, ஏழாவது நாள்ல இருந்தே ரெண்டு அளவும் குறைஞ்சுதுன்னு வந்துச்சு, ஆனா எண்ணெய் இல்லாம சும்மா இருந்த கூட்டம்னு ஒண்ணு பக்கத்துல இல்ல. 'உன் பல்லை ஒரு மாசம் அளக்கப் போறோம்'னு சொன்னாலே மனுஷன் பிரஷை அழுத்தித் தேய்ப்பான், அந்தக் குறைச்சல்ல எண்ணெய் பங்கு எவ்வளவு, பயத்தோட பங்கு எவ்வளவுன்னு எப்படிப் பிரிக்கறது?

அப்புறம் இந்த மாதிரி சின்னச் சின்ன ஆய்வுகளை எல்லாம் சேத்துப் போட்டு அலசினதும் வந்திருக்கு. 2022ல ஒண்ணு, 9 ஆய்வு, மொத்தம் 344 பேரு. எச்சில்ல இருக்கற பாக்டீரியா எண்ணிக்கை குறையுது, பிளேக் அளவுல சொல்லிக்கற மாதிரி வித்தியாசம் இல்லைன்னு முடிச்சாங்க. அதுக்கு அப்புறம் இன்னும் பெருசா 25 ஆய்வு, 1184 பேரைச் சேத்து ஒண்ணு, அதுல ஈறுக்குக் கொஞ்சம் நல்லது நடக்கலாம், ஆனா பிளேக்கைக் குறைக்கறதுல குளோர்ஹெக்சிடின்தான் மேலன்னு வந்துச்சு, அதோட கைல இருக்கற ஆதாரமே பலமில்லாததுன்னும் எழுதியிருந்தாங்க. அமெரிக்க டென்டல் அசோசியேஷனும் இதைப் பரிந்துரைக்கல, ஆதாரம் பத்தலங்கறதுதான் அவங்க சொல்ற காரணம்.

உடனே குளோர்ஹெக்சிடினை வாங்கிட்டு வந்து தினமும் ஊத்திக்காதீங்க, அது டாக்டர் சொல்ற சில நாளைக்குத்தான், வாரக்கணக்குல போனா பல்லுல பழுப்புக் கறை பிடிக்கும், நாக்குல ருசி மாறும்.

முன்னாடியா பின்னாடியான்னா, முன்னாடி. ஏன்னா பேஸ்ட்ல இருக்கற ஃப்ளோரைடு பல்லு மேல கொஞ்ச நேரம் தங்கணும், தேய்ச்சு முடிச்சுட்டு எண்ணெய் ஊத்தி கால் மணி நேரம் அலசினா அது எல்லாம் எண்ணெயோட போயிடும். ஆனா உங்க விஷயத்துல நான் கவலைப்படறது முன்னாடி பின்னாடியைப் பத்தி இல்ல, அந்த அரை நிமிஷத்தைப் பத்தி. 20 நிமிஷத்தை எண்ணெய்க்குக் குடுத்துட்டு 30 செகண்டை பிரஷுக்குக் குடுக்கறது கணக்கு தலைகீழா இருக்கு. பிரஷை ஈறும் பல்லும் சேர்ற கோட்டுல சாய்ச்சு வெச்சு, சின்னச் சின்னதா ஆட்டி, ரெண்டு நிமிஷம். கீழ் முன்பல்லு உள்பக்கத்துக்கு பிரஷை நெட்டுக்குத்தா பிடிச்சு நுனியால தேய்க்கணும், படுக்க வெச்சா அங்க எட்டவே எட்டாது, பத்துக்கு எட்டு பேரு அந்த இடத்தை விட்டுடறாங்க (எட்டுங்கறது என் குத்துமதிப்பு, கணக்கெடுத்தது இல்ல).

சரகர் பேரு வந்துச்சு, அதனால அதையும் சொல்லிடறேன். எள்ளுப்பூ அக்கா சொன்னது சரி, சரக சம்ஹிதையில எண்ணெயை வாயில வெச்சுக்கறதைப் பத்தி இருக்கு, தாடைக்கு பலம், குரல் நல்லா இருக்கும், உதடு வெடிக்காது, பல்லு உறுதியா நிக்கும்னு எல்லாம் சொல்லியிருக்கு. ஆனா அதே அத்தியாயத்துல அதுக்கு முன்னாடியே பல்குச்சியோட நுனியை நசுக்கி, ஈறு புண்ணாகாம, ரெண்டு வேளை பல்லைத் தேய்க்கணும்னும் இருக்கு. தேய்க்கறது வேற, எண்ணெய் வேற. எண்ணெய் இருக்கு, தேய்க்க வேணாம்னு அவர் எங்கயும் சொல்லல.


சோடாபுட்டி:

பல்லவி பிளேக்கைப் பாத்துக்கிட்டாங்க, நான் அந்த வெள்ளைக் கலர் விஷயத்துக்கு மட்டும் வர்றேன், இந்த 'நச்சு' கதையைப் படிச்சுப் படிச்சு எனக்கு ரத்தக்கொதிப்பே வந்திருச்சு.

ஒரு சின்ன பாட்டில் எடுத்துக்கோங்க, பாதி தண்ணி, கொஞ்சம் எண்ணெய், மூடி குலுக்குங்க. கலங்கும், கீழ வெச்ச கொஞ்ச நேரத்துல எண்ணெய் மேல ஏறிடும். இப்ப அதுல கொஞ்சம் முட்டை வெள்ளைக்கருவை விட்டு நல்லா குலுக்குங்க. பால் மாதிரி வெள்ளையாகி அப்படியே நிக்கும். பாட்டிலுக்கு எந்த நச்சும் கிடையாதுன்னு நம்பறேன். எண்ணெய் கண்ணுக்குத் தெரியாத குட்டிக் குட்டித் துளியா உடைஞ்சு தண்ணிக்குள்ள பரவுது, ஒவ்வொரு துளியும் வெளிச்சத்தை நாலா பக்கமும் சிதறடிக்குது, அதனால வெள்ளை. பாலும் பெருமளவு இதே காரணத்துக்காகத்தான் வெள்ளை. வாயில முட்டைக்குப் பதிலா எச்சில்ல இருக்கற புரோட்டீன் அந்த வேலையைச் செய்யுது, குலுக்கற வேலையை உங்க கன்னம் செய்யுது. அதனால மஞ்சளா வந்தா 'நச்சு போதல'ன்னு இல்ல, எச்சில் போதல இல்லாட்டி நீங்க சரியா ஆட்டல. வாயே சுத்தமா இருக்கறவனுக்கும் வெள்ளையாத்தான் வரும்.

ரெண்டாவது, வாய்க்குள்ள எண்ணெய் சோப்பா மாறி அழுக்கைக் கழுவுதுன்னு ஒரு விளக்கம் சுத்துது. 2011ல ஆய்வகத்துல செஞ்சு பாத்த ஒரு பேப்பர்லயும் இந்த சோப்பாகறதையும் பால் மாதிரி ஆகறதையும் சொல்லியிருக்காங்க. பால் மாதிரி ஆகறது சரி. சோப்புக்கு எனக்கு மனசு ஒப்பல. எண்ணெயை சோப்பாக்க காஸ்டிக் சோடா மாதிரி பலமான காரம் வேணும், நேரம் வேணும், சோப்பு காய்ச்சறவங்களைக் கேட்டுப் பாருங்க. எச்சிலோட பிஎச் 7க்கு அக்கம்பக்கம், கிட்டத்தட்ட நடுநிலை. அதுல 15 நிமிஷத்துல எவ்வளவு சோப்பு வந்துரும்? வந்தாலும் ஒரு துளிக்குள்ள ஒரு துளி.

தேங்காய் எண்ணெய்ல லாரிக் அமிலம் கிட்டத்தட்ட பாதி இருக்கு, அது பாக்டீரியாவைக் கொல்லும்னும் சொல்வாங்க. ஆய்வகத்துல தனி லாரிக் அமிலத்தை வெச்சுப் பாத்தா நிஜம்தான். ஆனா எண்ணெய்க்குள்ள அது தனியா அலைஞ்சுட்டு இல்ல, கிளிசரினோட சேத்து மூணு மூணா கட்டிப் போட்டு வெச்சிருக்கு. கட்டை அவிழ்த்தாதான் வேலை செய்யும். 'லாரிக் அமிலம் கொல்லும்'ங்கறதுல இருந்து 'தேங்காய் எண்ணெய் கொப்பளிச்சா செத்துடும்'ங்கறதுக்கு ஒரே தாவா தாவக் கூடாது.


எள்ளுப்பூ:

எல்லாரும் படிச்சவங்க, பேசறீங்க.... அப்போ எனக்கு ரத்தம் நின்னது பொய்யா? நான் என்ன கதையா விடறேன்? ரெண்டு வருஷமா என் வாய் எனக்குத் தெரியாதா?


பல்லவி:

அய்யோ அக்கா, பொய்னு யாரும் சொல்லல. ரத்தம் நின்னிருக்கும், நான் நம்பறேன். ஈறுக்குக் கொஞ்சம் நல்லது நடக்கலாம்னு அந்தப் பெரிய அலசல்லயே இருந்துச்சுன்னு மேல எழுதியிருக்கேனே. என் கேள்வி வேற, எண்ணெய் ஆரம்பிச்ச அதே சமயத்துல வேற என்ன எல்லாம் மாத்தினீங்க? நிறைய பேரு வாயைக் கவனிக்கணும்னு முடிவு எடுக்கும்போதுதான் எண்ணெயையும் ஆரம்பிக்கறாங்க, அதோடவே புது பிரஷ், ராத்திரியும் தேய்க்கறது, எல்லாம் ஒண்ணா வந்துருது.

ஒரு பழைய ஆய்வு ஞாபகம் வருது, 1965ல வந்தது, எங்க படிப்புல முதல் வருஷமே சொல்லிக் குடுத்துருவாங்க. நல்ல ஈறு இருக்கற 12 பேரை, பல்லு தேய்க்கறதை மொத்தமா நிறுத்தச் சொன்னாங்க. பத்துல இருந்து 21 நாளுக்குள்ள எல்லாருக்கும் ஈறு வீங்கி ரத்தம் வர ஆரம்பிச்சுது. மறுபடி தேய்க்க ஆரம்பிச்சதும் ஒரு வாரம் போல ஆச்சு, ஈறு பழையபடி ஆயிடுச்சு. அவ்வளவு சீக்கிரம் கெடும், அவ்வளவு சீக்கிரம் சரியாகும். அதனால ஈறு சரியானதுக்கு பரிசை எண்ணெய்க்குக் குடுக்கறதா பிரஷுக்குக் குடுக்கறதான்னு ஒரே ஆளோட வாயை வெச்சுச் சொல்ல முடியாது, அதைத்தான் சொல்ல வர்றேன். இன்னொண்ணு, உங்களுக்கு இல்ல, படிக்கற மத்தவங்களுக்கு. சிகரெட் பிடிக்கறவங்களுக்கு ஈறு கெட்டிருந்தாலும் ரத்தம் கம்மியாத்தான் வரும், 'ரத்தம் வரல, நான் நல்லா இருக்கேன்'னு அவங்க இருந்துடக் கூடாது.


எள்ளுப்பூ:

ராத்திரி தேய்க்கறது அப்பதான் ஆரம்பிச்சேன்.... ஆமா.


மெதுவடை:

குறுக்க வர்றேன், மன்னிக்கணும். வயசானவங்க யாராவது இதைப் படிச்சிட்டு ஆரம்பிக்கறதா இருந்தா ஒரு விஷயம். என் மாமனாருக்கு பக்கவாதம் வந்து ஒரு வருஷம் ஆச்சு, தண்ணி குடிச்சாலே சில சமயம் புரை ஏறும். யாரோ சொன்னாங்கன்னு எண்ணெயை வாயில ஊத்திக்கிட்டு சாய்வு நாற்காலில சாஞ்சு உக்காந்திருக்காரு, பாத்துட்டு நான் பதறிட்டேன், லேசா இருமல் வேற. டாக்டர்கிட்ட சொன்னதுக்கு உடனே நிறுத்துங்கன்னாரு. எண்ணெய் மூச்சுக்குழாய்ல இறங்கினா தண்ணி மாதிரி பெருசா இருமலைக் கிளப்பாதாம், சத்தமில்லாம நுரையீரல்ல போய் உக்காந்துக்குமாம், உடம்பால அதைச் சுலபமா வெளிய தள்ளவும் முடியாதாம். அதுல வர்ற நிமோனியாவுக்குத் தனிப் பேரே இருக்கு, லிப்பாய்டு நிமோனியா. ஆயில் புல்லிங் பண்ணி திரும்பத் திரும்ப அது வந்த ஒருத்தரைப் பத்தி 2014ல மருத்துவ இதழ்லயே எழுதியிருக்காங்க. அபூர்வம்தான், ஆனா முழுங்கறதுல தகராறு இருக்கறவங்களும் சின்னப் பசங்களும் இந்தப் பக்கமே வர வேணாம். மத்தவங்களும் நிமிர்ந்து உக்காந்து பண்ணுங்க, தலையை அண்ணாந்து தொண்டைல களகளன்னு பண்றது வேணவே வேணாம்.

அப்புறம் துப்பறதை சிங்க்ல துப்பாதீங்க. தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழ போனா உறைஞ்சிரும், குழாய் அடைச்சுக்கும். இது எங்க வீட்டு அனுபவம், குழாயைக் கழட்டினப்போ வந்ததை இங்க வர்ணிக்க மாட்டேன், சாப்பிட்டுட்டு யாராவது படிப்பீங்க.


சிவப்புநாக்கு:

வாதம் எல்லாம் சரி, இதை ஒரே நாள்ல உங்க வாயிலயே பாத்துரலாமே, ஏன் யாரும் சொல்லல? பிளேக்கைக் காட்டுற மாத்திரை மருந்துக்கடையில, ஆன்லைன்ல கிடைக்கும், மென்னு வாய் முழுக்க சுத்தி துப்பினா பிளேக் இருக்கற இடம் மட்டும் ரோஸ் கலர்ல பிடிச்சுக்கும். நான் பண்ணது இதுதான். ஒரு நாள் காலைல தேய்ச்சதோட சரி, அடுத்த நாள் காலை வரைக்கும் பல்லைத் தொடல. மாத்திரை போட்டேன், ஃபோன் லைட் அடிச்சு போட்டோ எடுத்தேன், ஈறு ஓரம் பூரா ரோஸ் கோடு, கீழ் முன்பல்லு உள்பக்கம் சிவப்புச் சாயத்துல முக்கின மாதிரி. அப்புறம் தேங்காய் எண்ணெய் 15 நிமிஷம், டைமர் வெச்சு, தாடை வலிக்க வலிக்க. துப்பிட்டு மறுபடி மாத்திரை போட்டு அதே இடத்துல நின்னு போட்டோ. ரெண்டு போட்டோவையும் பக்கத்துல பக்கத்துல வெச்சா எது முன்னாடி எது பின்னாடின்னு என் தங்கச்சியால சொல்ல முடியல. பல்லோட முன்பக்கம் நடுவுல லேசா வெளுத்திருந்த மாதிரி எனக்குத் தோணுச்சு, அது என் ஆசையாக் கூட இருக்கலாம். அப்புறம் ரெண்டு நிமிஷம் பிரஷ், மறுபடி மாத்திரை, முக்கால்வாசி காணாம போச்சு, பல்லுக்கும் பல்லுக்கும் நடுவுல சந்துல மட்டும் மிச்சம், அதுக்கு இடுக்குல போற குட்டி பிரஷ் போட்டதும் போயிடுச்சு.

ஒரே ஆளு, ஒரே நாள், இது ஆராய்ச்சி இல்லைன்னு எனக்கும் தெரியும். ஆனா கடைவாய் ப்ரோ கேட்டது அவர் வாயைப் பத்திதானே. மாத்திரை போடறதுக்கு முன்னாடி உதட்டுல வாசலின் தடவிக்கோங்க, பழைய சட்டை போட்டுக்கோங்க, எங்கயாவது போக வேண்டிய நாள்ல பண்ணாதீங்க. என் பேரு எப்படி வந்துச்சுன்னு இப்ப புரிஞ்சிருக்கும்.


சோடாபுட்டி:

அருமை. ஒரே ஒரு குறை, எண்ணெய்க்குப் பதிலா வெறும் தண்ணியை 15 நிமிஷம் கொப்பளிச்சு ஒரு நாள் பாத்திருக்கணும். நிறைய ஆய்வுலயும் இதான் சிக்கல், வாயில இருக்கறது எண்ணெயா தண்ணியான்னு ஆளுக்கு நாக்கு வெச்சதுமே தெரிஞ்சிரும், அவனுக்குத் தெரியாம மறைச்சு சோதிக்க வழியே இல்ல.


சிவப்புநாக்கு:

நீங்க பண்ணுங்க சார், என் தாடை இன்னும் வலிக்குது.


கடைவாய்:

எல்லாருக்கும் நன்றி, மூணு வாரம் கழிச்சு வர்றேன், பாதில விட்டுட்டுப் போனான்னு நினைச்சுக்காதீங்க.

முதல்ல மாத்திரை வாங்கிப் போட்டேன். வழக்கம்போல 20 நிமிஷம் எண்ணெய், அரை நிமிஷம் பிரஷ், அதாவது நாலு மாசமா நான் 'சுத்தம்'னு நினைச்சுட்டு இருந்த வாய். கண்ணாடில பாத்ததும் நானே ஒரு நிமிஷம் வாயை மூடிக்கிட்டேன். வலது பக்கம் ஓரளவு பரவால்ல, இடது பக்கம் கடைசி ரெண்டு பல்லும் முழுக்க ரோஸ், நான் வலது கைக்காரன், பிரஷ் அந்தப் பக்கம் திரும்பவே இல்ல போல. கீழ் உள்பக்கம் பத்தி சொல்லவே வேணாம். எண்ணெய் வாய் முழுக்க எல்லா மூலைக்கும் போச்சே, அது வலது இடது பாக்கலையே, அப்போ வலது பக்கம் மட்டும் சுத்தமா இருக்குன்னா அது பிரஷ் பண்ண வேலைதான், எண்ணெய் பண்ணதில்லைன்னு அங்கயே நின்னுட்டுப் புரிஞ்சுது. பல்லவி மேடம் அவ்வளவு எழுதினதை விட அந்த ரெண்டு கடைவாய்ப் பல்லு எனக்கு சட்டுனு புரிய வெச்சிருச்சு, தப்பா நினைச்சுக்காதீங்க மேடம்.

போன வாரம் ஸ்கேலிங் முடிஞ்சுது. கீழ இருந்து எடுத்த காரையை டென்டிஸ்ட் ஒரு பஞ்சுல வெச்சுக் காட்டினாங்க, உடைஞ்ச சுண்ணாம்பு மாதிரி மஞ்சளா நாலு துண்டு. இப்ப நாக்கால தடவினா பல்லுக்கு நடுவுல இவ்வளவு சந்து இருந்துச்சான்னு இருக்கு, ரெண்டு நாள் ஜில்லுன்னு எது குடிச்சாலும் கூசுச்சு, இப்ப இல்ல.

எண்ணெயை விடல, அதையும் சொல்லிடறேன். அந்த நாத்தம் குறைஞ்சது எனக்குப் பிடிச்சிருக்கு. ஆனா அஞ்சு நிமிஷம்தான், நிமிர்ந்து உக்காந்து, துப்பறது பழைய பேப்பர்ல. மிச்ச நேரம் பிரஷுக்கு. இடது கையால பிடிச்சுத் தேய்ச்சுப் பழகிட்டு இருக்கேன், பாதி பேஸ்ட் மூக்குல போகுது.


பல்லவி:

தப்பா நினைக்கல, நான் வாயால சொல்லிப் புரிய வெச்சதை விட அந்த ரோஸ் கலரைக் காட்டிப் புரிய வெச்சதுதான் என் சர்வீஸ்லயும் அதிகம். இடது கை வேணாம், வலது கையாலயே முழங்கையைத் தூக்கி, வாயைப் பாதி மூடி, கன்னத்தை தளர்த்திக்கிட்டு பிரஷை உள்ள விடுங்க, கடைசிப் பல்லு எட்டும். வாயைப் பெருசா திறந்தா கன்னம் இறுகிக்கும், பிரஷ் போக இடமே இருக்காது.


எள்ளுப்பூ:

நானும் அந்த மாத்திரையை வாங்கிப் போட்டுப் பாத்தேன். முன்பக்கம் நல்லாத்தான் இருக்கு. கீழ் வரிசை உள்பக்கம் சிவப்பு. வேற ஒண்ணும் கேக்காதீங்க.... பிரஷை நெட்டுக்குத்தா பிடிக்கணும்னு சொன்னீங்களே, மேல் வரிசை உள்பக்கத்துக்கும் அப்படித்தானா?


பல்லவி:

ஆமா அக்கா, முன்பல்லுக்கு மட்டும். நுனியை ஈறுல வெச்சு கீழ இழுங்க.